கடைமடைக்கு நான் இழுத்த வயர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. (மீதி மூன்றும் கொழுந்தனார் பிள்ளைகள். அடி, உதை, எண்ணெய்க் குளியல் எல்லாம் ஏழுக்கும் சமமாகத்தான் கொடுத்தேன், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.) ஏழும் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கின்றன. அதனால் ஆளோ மாடோ சாமானோ, ஒரு பார்வை பார்த்தால் போதும், எனக்குத் தரம் தெரிந்துவிடும் என்று ஓர் எண்ணம் தலைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊரிலும் யாரும் அதை இறங்கச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நீல வயர்தான் இறக்கிவிட்டது.

திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் ஊர். சுற்றுவட்டத்து விவசாயிகள் சேர்ந்து பங்கு போட்டு ஒரு கம்பெனி நடத்துகிறோம். நெல் வாங்கி, காயவைத்து, அரைத்து, அரிசியாக விற்கிறோம். அதற்கு நான் தலைவர். மூணாங்கிளாஸோடு என் படிப்பு முடிந்தது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நான் படித்து முடிக்கிறவரை பஸ் நின்றால். கல்யாணப் பத்திரிகையில் எங்கள் வீட்டுப் பெயரை எத்தனையாவதாகப் போட்டிருக்கிறார்கள் என்று உடனே கண்டுபிடிப்பேன். தலைவராக இருக்க இதற்கு மேல் படிப்பு தேவைப்பட்டதில்லை. குரல் நன்றாக வர வேண்டும். எனக்கு வரும்.

எங்கள் வளாகம் நீளவாக்கில் கிடக்கும். வாசலில் ஆபீஸ். அடுத்து எடைமேடை, அதாவது டிராக்டரை நெல்லோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற இடம். அப்புறம் மில். கடைக்கோடியில் குடோன். நாலு இடத்திலும் கம்ப்யூட்டர், கேமரா, இன்னும் என்னென்னவோ. இவை எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, இடத்துக்கு ஒன்றாக நாலு சுவிட்ச் பெட்டிகள். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. இது தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு குட்டி விளக்கு. ஒரு வயரில் வருகிற செய்தியை எந்த வயரில் அனுப்ப வேண்டுமோ அதில் அனுப்பும். எனக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது: வாய்க்காலில் தண்ணீரைப் பிரித்துவிடுகிற மதகு! (இவ்வளவு சீக்கிரம் புரிந்ததுதான் வினையாகப் போனது.)

மூன்று வருஷம் முன்பு, சித்திரையில் ஒரு கோடை இடி இறங்கியது. நாலு பெட்டியும் சொல்லிவைத்தாற்போல உயிரை விட்டன. எங்கள் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவர் தரங்கம்பாடிக்காரர், பெயர் வில்லியம். நாற்பத்தைந்து வயது இருக்கும். வார்த்தையை எங்கோ கடன் வாங்கி வந்தவர் மாதிரி அளந்து பேசுவார். ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்.

"இடி ஒரு காரணம் அம்மா. உமித்தூசி ஒரு காரணம்."

"அந்த வெள்ளையா உருண்டையா இருக்கே, அது என்ன பார்ட்டு தம்பி?"

"பல்லி முட்டை."

புதிது வாங்க வேண்டும். இரண்டு விதமான பெட்டி மாதிரிக்கு வந்தது. வில்லியம் கொண்டுவந்தது ஒன்று, தஞ்சாவூர்க் கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்தது ஒன்று. இரண்டையும் என் மேஜைமேல் வைத்தார்கள். போர்டு உறுப்பினர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் மாடு வாங்கப் போனால், போனோம் பிடித்துக்கொண்டு வந்தோம் என்று இருக்க மாட்டோம். பல் பார்ப்போம், சுழி பார்ப்போம், முதுகில் கை வைத்தால் மிரளுகிறதா என்று பார்ப்போம், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அதைத்தான் செய்தேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். திருப்பினேன். அடிவயிற்றைத் தடவினேன்.

"என்னம்மா தேடறீங்க?" என்றார் வில்லியம்.

"சுழி."

"புதுசுக்கு இருக்காதும்மா," என்றார், முகம் மாறாமல்.

"சரி, ரெண்டையும் போடுங்க. நடையைப் பார்ப்போம்."

கரண்ட் கொடுத்தார்கள். தஞ்சாவூர்ப் பெட்டி கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை விளக்கைக் காட்டிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற பெண் பிள்ளை மாதிரி. வில்லியம் பெட்டியோ 'ஹோ' என்று ஓர் இரைச்சலைக் கிளப்பியது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. அதையும் மூடியது. மறுபடி திறந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷம்.

"ஏன் தம்பி, எழுந்திரிக்கவே இவ்வளவு நேரமா?"

"எழுந்ததும் எல்லா வழியையும் ஒரு தடவை பார்க்கும்மா. எங்கயாச்சும் வழி சுத்திக்கிட்டுத் திரும்பி வருதான்னு பார்த்துட்டுத்தான் திறக்கும்."

"நடவுக்கு வந்த ஆளு, வந்ததும் நாத்தைக் கையில எடுக்கணும். வந்ததும் வரப்பைச் சுத்திப் பார்த்துட்டு வரேன்னா, நான் அன்னிக்கே அனுப்பிடுவேன்."

போர்டு சிரித்தது. போர்டு சிரித்தால் எனக்கு நிற்காது.

"அது என்ன இரைச்சல்?"

"உள்ள காத்தாடி. சூடாகாம இருக்க."

"அந்தப் பொட்டிக்குக் காத்தாடி இல்லையே. கையை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு."

"அது யோசிக்காதும்மா. அதனால சூடாகாது."

"பார்த்தீங்களா! யோசிக்காம சொன்ன வேலையைச் செய்யறதுதான் நமக்கு வேணும். யோசிக்கத்தான் நான் இருக்கேனே!"

இதற்குப் போர்டு கைதட்டியது. தஞ்சாவூர்க் கடைக்காரர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். வில்லியம் மட்டும் தன் பெட்டியை மெதுவாகப் பைக்குள் வைத்தார். ஜிப்பை மூடிவிட்டுச் சொன்னார்:

"சரிம்மா, அதையே மாட்டித் தரேன். ஒண்ணே ஒண்ணு. நான் வயரைப் போட்டபடியே விட்டுடணும். புதுசா யாரும் எதையும் செருகக் கூடாது."

"யாரு செருகப் போறா?" என்றேன். (இதை எழுதிக்கொண்டிருக்கிற என் பேத்தி இங்கேயே சிரிக்கிறாள். இன்னும் இருக்கிறது, பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.)

வில்லியம் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினார். ஆபீஸிலிருந்து எடைமேடை, எடைமேடையிலிருந்து மில், மில்லிலிருந்து குடோன். எல்லாம் ஓடியது. ஆனால் குடோன் கம்ப்யூட்டர் மட்டும் ஒரு பக்கத்தைத் திறக்க நின்று நிதானித்தது. எங்கள் ஆபீஸ் குமாஸ்தா சேகருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கம்ப்யூட்டரில் கெட்டி. "அந்தக் கம்ப்யூட்டரே பழசுங்க தலைவரம்மா," என்றார் அவர்.

நான் நம்பவில்லை. ஏனென்றால் நான் கடைமடைக்காரி. எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் திறந்தால் மேலே இருக்கிற ஒவ்வொரு வயலிலும் அது இறங்கி, குளித்து, இளைப்பாறிவிட்டுத்தான் எங்களிடம் வரும். பல வருஷம் வரவே வராது. கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரருமாக மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய், வடக்கே ஓடுகிற இன்னொரு வாய்க்காலிலிருந்து எங்கள் வயலுக்கு ஒரு வெட்டு வெட்டினோம். அடிதடி வரை போனது. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர். ஒன்று வராவிட்டால் ஒன்று வரும். என் வாழ்க்கையில் நானாகச் சாதித்தது என்று ஏதாவது சொல்லச் சொன்னால், பிள்ளைகளுக்கு முன்னால் அந்த வெட்டைத்தான் சொல்வேன்.

குடோன் கடைசியில் இருக்கிறது. செய்தி ஆபீஸிலும் எடைமேடையிலும் மில்லிலும் இறங்கிக் குளித்துவிட்டு வருகிறது. பின்னே எப்படி வேகம் இருக்கும்? ஆபீஸிலிருந்து மதில் ஓரமாக நேராகக் குடோனுக்கு இன்னொரு வயர் போட்டால், இரண்டு பக்கமும் பாயும். வில்லியம் இரண்டு முனையிலும் செருகுகிற பிளக்கை மாட்டி, உபரியாக ஒரு நீல வயர்ச் சுருளை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மோட்டார் வயரிங் பார்க்கிறவரைக் கூப்பிட்டு மதில் ஓரமாக இழுக்கச் சொன்னேன். ஆபீஸ் முனையை அன்றைக்கே செருகியாயிற்று. குடோன் முனையை, குறுவைக் கொள்முதல் தொடங்குகிற அன்று, நல்ல நேரம் பார்த்து என் கையால் செருகுவதாக வைத்துக்கொண்டேன். வில்லியத்திடம் சொல்லவில்லை. வேலை முடிந்த பிறகு பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் கோமளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோமளம் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. அந்த வருஷம் இரண்டு ஏக்கர் குறுவை போட்டிருந்தாள். போர்செட்டில் தண்ணீர் இறைத்து, தானே நின்று களை எடுத்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்து எடுத்த நெல். அறுப்பு முடிந்ததும் வயலிலேயே வந்து வாங்கிக்கொண்டு போகிற வியாபாரிக்குப் போடுவதாக இருந்தாள். என் நாத்தனார் நெல் வெளியாளுக்குப் போவதா? நேரே போனேன்.

"கோமளம், நம்ம கம்பெனிக்குக் கொண்டா. இப்ப எல்லாம் புதுசு. டோக்கன் எடுத்தா அரை மணியில எடை ஏறி குடோனுக்குள்ள போயிடும்."

"வானம் சரியில்லீங்க அண்ணி. உங்க களத்துல கொண்டாந்து கொட்டிட்டு நான் வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியாது."

"மத்தியானத்துக்குள்ள உன் நெல்லு குடோன்ல இருக்கும். என் பொறுப்பு. போதுமா?"

கோமளம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வாய் வார்த்தையை நம்பி வரேன். நெல்லு நனைஞ்சு முளை விட்டுச்சு, அப்புறம் உங்க வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன். அண்ணன் படத்துக்கு இங்கேருந்தே கும்பிட்டுக்குவேன்."

சொன்னதைச் செய்கிறவள். மாமியார் வழியில் ஒரு கல்யாணத்தில் அப்பளம் சிறிதாகப் போட்டார்கள் என்று, அந்த வீட்டுப் பக்கம் பன்னிரண்டு வருஷம் போகாமல் இருந்தவள்.

கொள்முதல் தொடங்கிய நாள் புதன்கிழமை. வாசலில் தென்னங்கீற்றுத் தோரணம். பத்தடிக்குப் பதினைந்தடியில் ஒரு பிளெக்ஸ் போர்டு, அதில் முக்கால்வாசி என் முகம். (நான் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.) மைக் பிடித்து, "இனிமே இந்த வளாகத்துல கைச்சீட்டு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் சீட்டு" என்று அறிவித்தேன். களம் முழுக்க நெல் குவியல் குவியலாகக் கிடந்தது. தென்கிழக்கில் மட்டும் வானம் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. வில்லியம் தரங்கம்பாடியில் தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்கு அதுவும் நல்லதாகவே பட்டது.

டோக்கன் கூப்பிடுவதற்குப் புது ஏற்பாடு. ஆபீஸில் சேகர் ஒரு பட்டனைத் தட்டுவார், களத்தில் இருக்கிற கூம்பு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வரும். அதுவும் இந்தப் பெட்டிகள் வழியாகத்தான் போய்ச் சேரும். பதினாறு டோக்கன் அழகாகப் போயிற்று. பத்தரை மணிக்கு நல்ல நேரம். நான் குடோனுக்குப் போனேன். சுவிட்ச் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மகாலிங்கசாமியை நினைத்துக்கொண்டு நீல வயரின் முனையைச் செருகினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது.

அடடா, அந்த விளக்குகளைப் பார்க்க வேண்டுமே! அதுவரை ஒன்று இப்போது, ஒன்று அப்போது என்று சிமிட்டிக்கொண்டிருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் படபடபடவென்று அடித்தன. தண்ணீர் பாய்கிறது! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியே போய் நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "பாருங்க, ரெண்டு பக்கமும் பாயுது. எப்படித் துள்ளுது பாருங்க!" அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன்.

அப்போதுதான் வெளியே பெண் குரல் கேட்டது.

"டோக்கன் எண் பதினேழு, எடைமேடைக்கு வரவும்."

பதினேழு கோமளம். சரி, முறைப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"டோக்கன் எண் பதினேழு, எடைமேடைக்கு வரவும். டோக்கன் எண் பதினேழு, எடைமேடைக்கு வரவும். டோக்கன் எண் பதினேழு—"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோமளம் எடைமேடை ஜன்னலில் நின்றுகொண்டு, "வந்துட்டேன் தாயி, வந்துட்டேன்!" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அது கேட்பதாக இல்லை. களத்தில் இருக்கிறவர்கள் எல்லாம், "அக்கா, உங்களைத்தான் கூப்பிடுது", "பதினேழு, சீக்கிரம் போங்க, கோவிச்சுக்கப்போவுது" என்று ஆளாளுக்கு வேடிக்கை பேசினார்கள். கோமளம் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணி! ஊர் முன்னாடி என்னை ஏலம் போடத்தான் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?"

ஆபீஸ் பக்கமிருந்து சேகர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "தலைவரம்மா, எல்லாம் நின்னுபோச்சு. கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது. கேமரா நின்னுபோச்சு. எடை வர மாட்டேங்குது."

எடைமேடை கம்ப்யூட்டர் முந்தைய டிராக்டரின் எடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. யாருடைய ஆடோ ஒன்று மேடைமேல் ஏறி நின்றது. அதற்கும் ஆறு டன் காட்டியது. ஆட்டுக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார். சேகர் கம்ப்யூட்டர்களை அணைத்து அணைத்துப் போட்டார். பட்டன்தான் தேய்ந்தது. "கைச்சீட்டு எழுதி, பழைய தராசைத் தேடிப் பார்க்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார். காலையில்தானே மைக்கில் சொன்னேன்!

"டோக்கன் எண் பதினேழு, எடைமேடைக்கு வரவும்."

யாரோ ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் ஏணி வைத்து ஏறி, கூம்புக்குள் ஒரு சாக்கைத் திணித்துவிட்டு இறங்கினார். அதன் பிறகு அந்தப் பெண் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி, "ஓக்கன் எண் அயினேழு" என்று கூப்பிட்டாள்.

வில்லியத்துக்குப் போன் போட்டால், அணைத்து வைத்திருந்தார். கோவிலுக்குள் கல்யாணம் நடக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். சேகர் போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆபீஸ் மேஜைமேல் வைத்தார். முப்பது விவசாயிகள் சுற்றி நின்றார்கள். எனக்கு நேர் எதிரே கோமளம். அந்தப் பக்கம் பாண்டு வாத்தியச் சத்தம்.

"அம்மா, விளக்கெல்லாம் ஒரே மாதிரி, ஒரே வேகத்துல அடிக்குதா?"

"ஆமா தம்பி. நல்லா சுறுசுறுப்பா அடிக்குது."

வாத்தியச் சத்தம் தூரப் போயிற்று; கூட்டத்தை விட்டு நகர்ந்து வந்திருப்பார்.

"புதுசா ஏதாச்சும் வயர் செருகினீங்களா?"

"யாரு, நானா?"

"யாராச்சும்."

"இங்க அப்படிப்பட்ட ஆளுங்க யாரும் இல்லை தம்பி."

"வழி சுத்திக்கிச்சும்மா. அனுப்பின செய்தி ஒரு பக்கமாப் போய் இன்னொரு பக்கமாத் திரும்பி வருது. வந்தது மறுபடி போகுது. ஒண்ணு பத்தாகி, பத்து லட்சமாகி அடைச்சுக்கிச்சு. நல்ல பொட்டியா இருந்தா கண்டுபிடிச்சு அடைச்சிருக்கும். இது யோசிக்காதே." (அந்தக் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.) "ரெண்டு முனையும் நம்ம பொட்டியிலயே செருகியிருக்கிற வயர் ஒண்ணு எங்கயோ கிடக்கும். அதுல ஒரு முனையைப் பிடுங்கினா போதும்."

எனக்குக் காதில் 'ங்' என்று கேட்டது. அந்த வயர் எங்கே கிடக்கிறது என்று இந்தப் பூமியில் எனக்கும், இழுத்துக் கொடுத்த மோட்டார்க்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் அன்றைக்கு வெளியூர். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் முப்பது பேர். வாசலில் பத்தடிக்கு என் முகம். எதிரே கோமளம். எழுபது வயதுவரை 'நான் தப்பாகச் செய்துவிட்டேன்' என்ற வாக்கியத்தை என் வாய் பழகியதே இல்லை. புது வாக்கியம் அவ்வளவு சீக்கிரம் வருமா?

"தேடிப் பார்க்கச் சொல்றேன் தம்பி," என்றேன்.

முப்பது பேரும் தேடப் போனார்கள். மேஜைக்கடியில் தேடினார்கள். மில்லுக்குள் தேடினார்கள். ஒருவர் பம்புசெட் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து, "இதுங்களா?" என்று கேட்டார். இடி ஒன்று தூரத்தில் உருண்டது. கோமளம் மட்டும் தேடப் போகவில்லை. தன் நெல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட நான் இன்னும் கால் மணி தாக்குப்பிடித்திருப்பேன்.

என் மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது.

சரி, பிடுங்கிவிடலாம். பிடுங்குவதை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதானே? எல்லாரையும், "ஆபீஸுக்குள்ள போய் நல்லாத் தேடுங்க, அங்கதான் இருக்கும்" என்று அனுப்பினேன். கோமளத்தையும், "நனையாதே, உள்ள போ" என்று அனுப்பினேன். நான் மட்டும் வெற்றிலை போடப் போகிறவள் மாதிரி நடந்து குடோனுக்குள் நுழைந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். நீல வயரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. (ஒரு கொக்கி இருக்கும், அதை அழுத்த வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்?) ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். வந்துவிட்டது. வந்த வேகத்தில் நான் நெல் மூட்டைமேல் போய் உட்கார்ந்தேன்.

எழுந்தேன். வயர் முனையில் என் கைரேகை இருக்குமே! டி.வி.யில் போலீஸ்காரர்கள் பவுடர் போட்டுக் கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முந்தானையால் முனையை நன்றாகத் துடைத்தேன். பெட்டியையும் துடைத்தேன். வயரைச் சுருட்டி ஒரு காலிச் சாக்குக்கு அடியில் தள்ளி, சாக்கின்மேல் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு கொண்டையைச் சரி செய்துகொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

"என்ன, தானாச் சரியாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

முப்பது பேரும் கோமளமும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டி.வி.யைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதில் குடோன் தெரிந்தது. சாக்கு தெரிந்தது.

வயரைப் பிடுங்கிய அடுத்த நொடியே எல்லாம் உயிர் பெற்றுவிட்டது. முதலில் உயிர் பெற்றது கேமரா. நான் மூட்டைமேல் விழுந்தது, எழுந்தது, துடைத்தது, சாக்கைத் தட்டியது, கொண்டை போட்டது, எல்லாவற்றையும் ஓர் ஆள் குறையாமல் ஆபீஸில் நின்று பார்த்திருக்கிறார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்று அவர்களை அங்கே அனுப்பியதும் நான்தான்.

கோமளம்தான் முதலில் பேசினாள்.

"முதல்ல நெல்லை எடை போடுங்க. அண்ணியை அப்புறம் பார்த்துக்கலாம்."

பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்தான். கோமளத்தின் நெல்லை டிராக்டரில் அள்ளி ஏற்றி எடைமேடைக்கும் குடோனுக்குமாக ஓடினோம். முக்கால்வாசி உள்ளே போன சமயம் மழை நூல் பிடித்து இறங்கிவிட்டது. இருந்த தார்ப்பாய் எல்லாம் மற்றவர்கள் நெல்மேல் விரித்தாயிற்று. மிச்சக் குவியல் திறந்து கிடக்கிறது. நான் வாசலுக்கு ஓடினேன். பிளெக்ஸ் போர்டின் கயிற்றை அரிவாளால் வெட்டி, நானும் சேகருமாக இழுத்து வந்து கோமளத்தின் நெல்மேல் போர்த்தினோம். என் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அரை மணி நேரம் மழையை வாங்கியது. நாலு மூலையிலும் கல்லுக்குப் பதிலாக ஆள் உட்கார்ந்தோம். என் இடது காதின்மேல் நானும், வலது காதின்மேல் கோமளமும்.

மழை விட்டதும் தூக்கிப் பார்த்தோம். ஒரு மணி நெல் நனையவில்லை.

அங்கேயே, சேற்றில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "கோமளம், தப்பு என்னுதுதான்டி."

அவள் என்னைப் பார்க்காமல் முந்தானையைப் பிழிந்தாள். "இத்தனை வருஷத்துல அண்ணி மூஞ்சி ஒண்ணுக்காவது பிரயோஜனமாச்சு," என்றாள். சாயங்காலம் எங்கள் வீட்டு வாசற்படியை மிதித்து உள்ளே வந்து, காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வில்லியம் வந்தார். பையைத் திறந்து அந்தத் தூங்குமூஞ்சிப் பெட்டிகளை எடுத்து மாட்டினார். (பழையதைத் தஞ்சாவூர்க் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. 'சந்தனம், குங்குமம், கற்பூரக் கரி பட்ட சாமானை நான் யாருக்கும்மா விக்கறது?' என்றார்.) மூன்று நிமிஷம். நான் மூச்சுக் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பச்சை விளக்கு வந்தது. பிறகு வில்லியம் அந்த நீல வயரைச் சாக்குக்கு அடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"செருகுங்கம்மா."

"வேண்டாம் தம்பி, கிண்டல் பண்ணாதீங்க."

"செருகுங்க."

மகாலிங்கசாமியை மறுபடி நினைத்துக்கொண்டு செருகினேன். பெட்டி யோசித்தது. அந்த ஒரு துளைக்கு மட்டும் ஆரஞ்சு விளக்கைப் போட்டு அடைத்துவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வில்லியம் மில்லுக்குப் போகிற வயரைப் பிடுங்கிக் காட்டினார். அடைத்து வைத்திருந்த நீல வயரின் விளக்கு தானாகப் பச்சை ஆனது. குடோன் நிற்காமல் ஓடியது. ஒன்று வராவிட்டால் ஒன்று!

"உங்க யோசனை தப்பில்லம்மா," என்றார் வில்லியம். "பொட்டியைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு."

அந்தக் கேமராப் படம், நான் கையில் நீல வயரோடு நெல் மூட்டைமேல் விழுந்து உட்கார்ந்திருக்கிற படம், இன்றைக்கும் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவின் முகப்பில் இருக்கிறது. யாருக்கும் மாற்ற மனசு வரவில்லையாம். வீட்டில் மிக்ஸி ஓடவில்லை, மோட்டார் இழுக்கவில்லை என்றால் ஏழு பிள்ளைகளும் ஊர் ஊராக இருந்துகொண்டு கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, நீங்க எதையாச்சும் செருகினீங்களா?" கோமளத்தைச் சாப்பிடக் கூப்பிட்டால், முதல் தடவைக்கு அசையவே மாட்டாள். சாக்கு அடைத்த குரலில், "ஓக்கன் எண் அயினேழு" என்று பிள்ளைகள் கூப்பிட்ட பிறகுதான் இலைக்கு வருவாள்.

சரி, போதும். மதி, கண்ணு, எழுதினதை ஒரு தடவை வாசிச்சுக் காட்டு. முதல்லேருந்து வேண்டாம். வில்லியம் "உங்க யோசனை தப்பில்லம்மா"ன்னு சொல்றாரு பாரு, அங்கேருந்து வாசி. சத்தமா வாசி, உங்க கோமளம் பாட்டிக்குக் கேட்கட்டும்.

அந்த ஒரு வரியோட நிறுத்திடு.